ஆறாம் அறையின் பொறுப்பாளர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தங்கை ஒரு பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டாள். அது சரிபாதியாக உடையவில்லை. பெரிய துண்டைத் தன் தேநீரில் முக்கிக்கொண்டு, சின்னத் துண்டை அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சின்னவளுக்குப் பெருசு, பெரியவளுக்குச் சிறுசு. அதான் உலக நியாயம்."

"எந்த உலகத்துல?"

"நான் சமைக்கிற உலகத்துல."

சமையலறையின் பின்படியில், முழங்காலும் முழங்காலும் இடிக்க, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தேநீருக்குள் விழுந்துவிட்ட துண்டை விரலால் துழாவி எடுத்து, சூடு தாங்காமல் விரலை உதறினாள். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். அவர்களுக்கு இடையில் சாதாரணமாக நடந்த கடைசி விஷயம் அதுதான்.

மனநோயின் கொடுமையான காலத்தைத் தாண்டி வந்துவிட்ட, ஆனால் தனியாக வாழ இன்னும் முடியாத ஐந்து பேர் தங்கியிருந்த வீடு அது. கீழே மூன்று அறை, மாடியில் மூன்று அறை. மாடிக் கோடியில் இருந்த ஆறாவது அறை காலி. அக்கா அங்கே ஏழு வருடமாகப் பராமரிப்பு ஊழியர். தங்கை மூன்று வருடமாகச் சமையல். இருப்பவர்கள் இவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றார்கள். தன்னைவிட வயதில் சின்னவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மேனேஜரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். அம்மா போனபிறகு அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா என்று ஆகிவிட்ட குடும்பம். வேறு ஒருவரும் கிடையாது.

வேலை பெரிய வித்தை இல்லை. எழுப்புவது, குளிக்கச் சொல்வது, மாத்திரை கொடுத்து அது நாக்குக்கு அடியில் ஒளியாமல் உள்ளே போயிற்றா என்று பார்ப்பது, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவையும் தட்டி, ஆளைக் கண்ணால் கண்டு, தாளில் எழுதுவது. எழுதுவதுதான் முக்கியம். எழுதாதது நடக்கவில்லை என்று பொருள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவள் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். இரண்டாவதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தருவாள். குரல் கேட்கிறது, உருவம் தெரிகிறது என்று யாராவது சொன்னால், இல்லை என்று வாதாடக் கூடாது. ஆமாம் என்று கூடச் சேர்ந்து ஆடவும் கூடாது. 'உங்களுக்கு அப்படித் தெரியுது. எனக்குத் தெரியல. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு எனக்குப் புரியுது.' இவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் கொடுத்த வாக்கியம். ஏழு வருடத்தில் அவள் அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு, அங்கே தங்கியிருந்த ஐவரில் ஒருவரான வாத்தியாருக்கு இரத்தப் பரிசோதனை. அவர் சாப்பிடும் மாத்திரைக்கு மாதம் ஒருமுறை இரத்தம் கொடுத்தே ஆக வேண்டும்; கொடுக்காவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வாத்தியார் கூடத்து சோபாவின் ஒரு ஓரத்தில், வழக்கம்போல, உடம்பை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து நான்கு வருடமாக அந்த ஓரம்தான். பக்கத்தில் யாரையும் உட்கார விடமாட்டார். 'வாத்தியார் சீட்டு ரிசர்வ் பண்ணிட்டார்' என்று தங்கை கிண்டல் செய்வாள். அங்கே உட்கார்ந்திருப்பது, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் அவருடைய விருந்தாளி.

"இவர யார்கிட்டம்மா விட்டுட்டு வர?" என்றார் வாத்தியார். "போன மாசம் வரைக்கும் கூட வந்தார். இப்ப வண்டி ஆகலங்கறார்."

அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறை சொன்னாள். ஹாரன் மறுபடி அடித்தது. பரிசோதனைக்கூடம் பத்து மணிக்கு மூடிவிடும்.

சமையலறை ஜன்னலிலிருந்து தங்கை தலையை நீட்டினாள். "அக்கா, நான் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். வண்டிக்காரர் காது கிழியுது."

அக்காவுக்கு முந்தின இரவு சரியான தூக்கமில்லை. கால் வலி. "சரி சார். நீங்க வாங்க. அவர நான் பாத்துக்கறேன்."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கணக்குப் பாடம் எடுத்தவர்; விடையைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார்.

"வாயால சொன்னா எப்படிம்மா? எழுதாதது நடக்கலன்னு நீங்கதானே சொல்வீங்க."

அலுவலக அறைச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. அறை எண், இருப்பவர், அவருக்குப் பொறுப்பான ஊழியர் என்று மூன்று கட்டம். அவள் பேனாவை எடுத்து ஆறாம் எண்ணுக்கு நேராக 'விருந்தாளி' என்று எழுதினாள். பொறுப்பு என்ற கட்டத்தில் 'பெரியக்கா' என்று எழுதினாள். வாத்தியார் வாசற்படியில் நின்று, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தார். பிறகு சிறு பையனைப்போல் விறுவிறுவென்று நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பி வந்ததும் அழித்துவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது, நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும் இரண்டாம் அறைக்காரருக்கு, வழுக்கி விழுந்ததில், முழங்கை பெயர்ந்திருந்தது. அந்தக் களேபரத்தில் பலகை மறந்துபோயிற்று. சாயங்காலம் கூடத்தைக் கடக்கும்போதுதான் அவள் நின்றாள். வாத்தியார் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் சாய்மானத்தின் மேல் நீட்டி, டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று, சாப்பாட்டில் அகப்பட்ட முடியைப்போல, நாக்கில் தட்டியது.

வீடு திரும்பும் பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. தங்கை முன்பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு முட்டும் கூட்டம். ஈரக் குடைகளின் வாடை, இரும்புக் கம்பியில் பட்ட கைகளின் வாடை, அழுது ஓய்ந்த ஒரு குழந்தையின் விக்கல். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இருக்கை காலியாக இருந்தது. நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் உட்காரக் குனிந்து, "மன்னிச்சுக்கங்க" என்று அந்த இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்து போனார். இறங்கும்வரை யாரும் உட்காரவில்லை.

"ஏன் உன் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல?" என்றாள் தங்கை, இறங்கி நடக்கையில். "மூஞ்சிய அவ்வளவு கடுகடுன்னா வெச்சிருந்த?"

மறுநாள் ஏஜென்சியிலிருந்து தற்காலிகமாக ஒருவர் வந்தார். ஐம்பது வயது, பதினெட்டு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்து, முதுகு போனதால் இந்த வேலைக்கு வந்தவர். வந்த அரை மணியில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் ஆகிவிட்டார். அவள் அவருக்கு வழக்கமான இரண்டு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தாள். அரை மணிச் சோதனையை அவரிடம் விட்டுவிட்டு, முழங்கைக்காரரைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மதியம் வந்தாள். ஐந்து மணிக்குத் தாள்களைச் சேர்த்து அடுக்கியபோது ஆறு தாள் இருந்தது.

ஆறாம் அறை. 9.00 — இருக்கிறார். ஜன்னல் பக்கம் பார்த்து நிற்கிறார். 9.30 — நிற்கிறார். 10.00 — நிற்கிறார். காலைச் சிற்றுண்டி வேண்டாம் என்று தலையசைத்தார். 10.30 — நிற்கிறார். அழகான, சாய்வில்லாத கையெழுத்து. நாள் முழுக்க ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

அவள் சிரித்தாள். பார்க்காமலே எழுதுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் இவர் தலைமுடியே இல்லாத ஊரில் சீப்பு விற்கிற ஆள்.

"கண்டக்டர் சார், ஆறாம் அறையில ஆள் கிடையாது."

"பலகையில பேர் இருக்கே, மேடம்."

"அது சும்மா எழுதினது. நீங்க கதவத் தொறந்து பாக்கவே இல்ல, அப்படித்தானே?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினெட்டு வருஷம் கண்டக்டர், மேடம். வண்டியில ஏறாத ஆளுக்கு இதுவரைக்கும் டிக்கெட் கிழிச்சதில்ல."

"சரி, எப்படி இருந்தார்?"

"நான் யாரையும் முகத்தப் பாத்துப் பழகல. கையத்தான் பாப்பேன். சுத்தமான கை. நகந்தான் வெட்டணும். ரொம்ப வளந்திருக்கு." கொஞ்சம் யோசித்தார். "பேசவே மாட்டேங்கறார். பெரியக்கா வெளிய போயிருக்காங்கன்னு சொன்னப்ப மட்டும் லேசாத் திரும்பினார்."

அவள் மாடிக்குப் போனாள். சாயங்கால வெளிச்சம் நடையில் பழுப்பாகக் கிடந்தது. ஆறாம் அறைக் கதவைத் திறந்தாள். மெத்தை இல்லாத இரும்புக் கட்டில். காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள். உடைந்த மின்விசிறி. தூசி படிந்த தரை. அதில் கண்டக்டரின் செருப்புத் தடம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. வேறு தடம் இல்லை. ஆள் இல்லை. ஆனால் காலி அறைக்கு ஒரு காது உண்டு, காலடி வைத்ததும் நம் சத்தத்தையே திருப்பித் தரும். இந்த அறை தரவில்லை. துணி நிறைந்த அலமாரிக்குள் தலையை விட்டதுபோல் சத்தம் அமுங்கியது. நாள்கணக்கில் திறக்காத சாப்பாட்டுப் பாத்திரத்தின் உள்வாடை. அவள் கதவைச் சாத்தினாள். கீழே வந்து பலகையில் அந்த வரியைத் துடைத்தாள். துடைத்து முடித்த பலகையை அவள் கை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"என்ன, பேய் பிடிச்ச மாதிரி?"

"ஒண்ணுமில்ல. பசி."

"பசின்னா வாயத் தொறந்து கேக்கணும். கையா கேக்கும்?"

வியாழக்கிழமை மழை. விளக்கு போட்டாலும் தீராத இருட்டு வீட்டுக்குள் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறாம் அறைக்குத் தாள் வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார். பத்து மணிக்கு அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தயங்கி, அலுவலக வாசலில் நின்றார்.

"மேடம், தாள் போடல. சொன்னபடி கேட்டுட்டேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தா நாளைக்கு என் மேல வரும். அவர் ரூம்ல இல்ல."

"யாரு?"

"அவருதான். கீழ வந்துட்டார். சமையலறையில நிக்கறார். சின்னக்காவுக்குப் பின்னாடி."

அவள் ஓடினாள். தங்கை தனியாகத்தான் நின்றிருந்தாள். உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டு, பாதி மறந்துபோன ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தங்கையின் கழுத்துக்குப் பின்னால், கொண்டையிலிருந்து பிரிந்த சில முடிகள், காற்றே இல்லாத அந்த அறையில், ஒரே சீராக முன்னும் பின்னும் அசைந்தன. யாரோ மூச்சு விடுவதுபோல. உள்ளே. வெளியே. உள்ளே.

"வந்துட்டியா?" என்றாள் தங்கை, திரும்பாமல். "இவ்வளவு நேரம் பின்னாடியே நின்னுட்டு ஒரு வார்த்தை பேசல. கழுத்துல உஸ்ஸு உஸ்ஸுன்னு. கூசுது, தள்ளி நில்லு."

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். பத்தடி தூரம்.

வாத்தியார் தன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டார். சவரம் செய்த கன்னம், நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அண்ணன் மகன் சனிக்கிழமை வந்து கூட்டிப் போவதாகச் சொன்னான், டாக்டரும் சம்மதித்துவிட்டார் என்றார்.

"சார், அவர் என்ன செய்வார்?"

அவர் ஒரு சட்டையின் மடிப்பை நீவினார். ஒளிக்கவில்லை. "பாத்துக்கறவங்கள ஒண்ணும் செய்யமாட்டார்மா. ரொம்ப மரியாதை. அவருக்கு வேண்டியது பக்கத்து இடம். பாத்துக்கறவங்களுக்குப் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க இடம். முதல்ல என் சம்சாரம். அப்புறம் தம்பி. அப்புறம் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரர், நல்ல மனுஷன், பல்லு விளக்கும்போதுகூட ஜோக்கடிப்பார். அதுக்கப்புறம் நான் யாரையும் பக்கத்துல வெச்சுக்கல. அவர மட்டும் வெச்சுக்கிட்டேன். பதினோரு வருஷம்."

அவர் கோப்பில் அதெல்லாம் இருந்தது. அவளே படித்திருக்கிறாள். மனைவி, மாரடைப்பு. தம்பி, மாரடைப்பு. துக்கம் தாங்காமல் நோய் முற்றியது என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார்.

"பலகையில அழிச்சிட்டேன் சார்."

"அழிச்சா? எழுதினது எழுதினதுதானே."

"அவரத் திரும்ப எடுத்துக்கங்க." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எனக்கு ஒரே தங்கச்சி. வேற யாருமில்ல. நீங்க பழகினவர். உங்களுக்குப் பக்கத்துல யாருமே இல்ல, ஒண்ணும் ஆகாது. வாயால சொல்லுங்க போதும், நானே எழுதிக்கறேன். சார், கால்ல விழறேன்."

விழுந்தே விட்டாள். குளிர்ந்த சிமென்ட்டில் முழங்கால் பட்டது. வாத்தியார் அவசரமாக அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. பொய் ஈரம் இல்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நல்ல வாத்தியாரைப்போல் சொன்னார்:

"உங்களுக்கு அப்படித் தெரியுதும்மா. எனக்குத் தெரியல. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு எனக்குப் புரியுது."

பிறகு பெட்டியை மூடினார்.

அவள் நடையில் நின்று யோசித்தாள். யோசனை தெளிவாக இருந்தது. பயம் ஓர் அளவுக்குமேல் போனால் மனம் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. தங்கையை வீட்டுக்குக் கூட்டிப் போக முடியாது. தான் போனால் அதுவும் கூட வரும். தங்கை தனக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த வீட்டில், பேருந்தில், வாடகை வீட்டில், எங்கேயும். உண்மையைச் சொன்னால் தங்கை போகமாட்டாள். சிரிப்பாள். அல்லது பயந்துபோய் இன்னும் நெருங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அவளைத் துரத்த ஒரே வழிதான் இருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாடு முடிந்து, ஐந்து பேரும் மாத்திரையின் கனத்தில் படுக்கைக்குப் போனபிறகு, அவள் சமையலறைக்குப் போனாள். வாசலைத் தாண்டவில்லை.

"உப்பு அள்ளிக் கொட்டியிருக்க இன்னிக்கு."

"நாலு பேர் ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க. உன் நாக்குல கோளாறு."

"என் வாழ்க்கையிலயே கோளாறு. உன்னாலதான்."

தங்கை பாத்திரத்தைத் தேய்த்தபடி திரும்பிப் பார்த்தாள். இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது. "என்ன ஆச்சு உனக்கு?"

அவள் சொன்னாள். அம்மா போன அன்றைக்கே உன்னை எங்கேயாவது தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்றாள். எனக்கு வந்த இரண்டு சம்பந்தமும் உன்னைப் பார்த்துத்தான் ஓடிப்போயிற்று என்றாள். முப்பத்தொரு வயதுக் கழுதை, என் தோளில் உட்கார்ந்து தின்கிறாய் என்றாள். தங்கைக்கு எங்கே வலிக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஒவ்வொரு இடமாகத் தேடிக் குத்தினாள். பேசப் பேச, தங்கையின் கழுத்துக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்த அந்த முடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். "நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

"இத்தன நாளா மனசுல வெச்சிருந்தியா?"

"இத்தன நாளா."

தங்கை சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அது நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி ஒழுங்காக மாட்டினாள். "சரி, போறேன்."

"போ. திரும்பி வராத."

அவள் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை வெளியேறுவதைப் பார்த்தால் பின்னாலேயே ஓடிவிடுவாள் என்று தெரியும். பின்கதவு படாரென்று அடித்துக்கொண்டது. போய்விட்டாள். மழையில் குடை இல்லாமல் போய்விட்டாள்; தங்கையின் தோழி வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது; அங்கேதான் போவாள். அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அழவில்லை. உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அறையின் மூலையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப என் பக்கத்துல யாருமில்ல. வா, உக்காரு."

ஒன்றும் வரவில்லை. மழை. மேலே யாரோ நடக்கும் சத்தம். கண்டக்டர் சோதனைக்குப் போகிறார். மூச்சுச் சத்தம் இல்லை. வாடை இல்லை. பக்கத்து நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது. நிம்மதியில் கண் சொருகிற்று.

நான்கு மணிக்குக் கண்டக்டர் கதவைத் தட்டினார். கையில் தாள்கள்.

"மன்னிக்கணும் மேடம். ஆறாம் அறைக்குத் தாள் வேண்டாம்னு சொன்னீங்க. ஆனா நம்ம ஆளே உள்ள இருக்கறப்ப எழுதாம இருந்தா தப்பாப் போயிடும். அதனால எழுதிட்டேன்."

"நம்ம ஆளா?"

"சின்னக்கா. ஒன்னரைக்கெல்லாம் அழுதுட்டே மேல போனாங்க. அழறதுக்கு ஒரு இடம் வேணும், அங்கதான் யாரும் வரமாட்டாங்கன்னாங்க. நான் தொந்தரவு பண்ணல. தட்டினேன், பாத்தேன், எழுதினேன்."

"பின்கதவு..."

"காத்துல அடிச்சுது. நாந்தான் தாழ் போட்டேன்."

தாளை வாங்கினாள். அழகான, சாய்வில்லாத கையெழுத்து.

1.30 — இரண்டு பேர். பெண் அழுகிறார். 2.00 — இரண்டு பேர். பெண் அழுகிறார். அவர் ஜன்னலை விட்டு வந்துவிட்டார். 2.30 — இரண்டு பேர். கட்டிலில் அருகருகே. 3.00 — இரண்டு பேர். பெண் அழவில்லை. 3.30 — இரண்டு பேர். பெண் அவர் தோளில் சாய்ந்து உறங்குகிறார். 4.00 — அதேபோல்.

படி. படி. நடை. முதல் கதவு, இரண்டாவது கதவு. கோடியில் கதவு. தட்டவில்லை. தள்ளினாள்.

கட்டிலின் ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கை மடியில். கால் தரையில் ஊன்றி. கண் பாதி மூடி. உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தலை முழுக்கச் சாய்ந்து, கன்னம் அமுங்கி, ஒரு பக்க உதடு நசுங்கி, எதன்மேலோ ஊன்றியிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. விழுந்திருக்க வேண்டிய தலை விழவில்லை. அமுங்கிய கன்னத்தில் ஏதோ ஒரு துணியின் தையல் வரி பதிந்திருந்தது.

"ஏய்."

தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"ஏய். நெசமா சொல்லல. ஒண்ணும் நெசமா சொல்லல."

இழுத்தாள். வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் அணைத்துப் பிடித்திருந்தார்கள். மறுபடி இழுத்தாள். பிடி இருந்தது. முரட்டுப் பிடி அல்ல. தூங்குகிற குழந்தையைக் கைமாற்றத் தயங்கும் பிடி. தங்கையின் மேல்கையில் ஐந்து இடத்தில் சதை மெல்லக் குழிந்தது. ஒவ்வொரு குழியின் முனையிலும் நகத்தின் நீளமான பிறை. பிறகு ஒவ்வொரு விரலாக, மரியாதையாக, அது விட்டது. முழுக் கனமும் அவள் நெஞ்சில் வந்து விழுந்தது.

வாசலில் கண்டக்டர் நின்றிருந்தார். தொப்பி இல்லாத தலையில் கையை வைத்திருந்தார். அவர் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரடைப்பு என்று எழுதினார்கள். முப்பத்தொரு வயதில் வருமா என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் வருகிறது என்றார் டாக்டர். குழப்பம் வரும் என்று மேனேஜர் அந்த ஒரு தாளை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்தார். கண்டக்டர் மறுநாளிலிருந்து வரவில்லை. வாத்தியார் ஊருக்குப் புறப்படும் வழியில் துக்கம் கேட்க வந்தார். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நல்ல பொண்ணு, கை மணம் யாருக்கும் வராது என்றார். எழுந்து போகும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்து விடைபெற்றுக்கொண்டார்.

அவள் வேலையை விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குத் திமிர் என்கிறார்கள். துக்கத்துக்கு வந்த பெண்களைக்கூட அருகில் உட்கார விடவில்லையாம். தங்கையிடம் கடைசியாகச் சொன்னதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பொய் என்று எழுதிப் பார்த்தாள். எழுதினாலும் அது நடக்கவில்லை என்று ஆகவில்லை.

அக்காவும் தங்கையும் வாழ்ந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் கட்டில் ஒன்றுதான். அவள் சுவரோரம், சுவரைப் பார்த்தே படுக்கிறாள், திரும்புவதில்லை. மறுபக்கம் தங்கையின் போர்வையை மடித்து, அதன்மேல் தலையணையை வைத்துவிட்டுத்தான் படுப்பது. விடிந்ததும் எழுந்து பார்த்தால் போர்வை விரிந்திருக்கும். கை வைத்தால், தங்கை படுக்கும் பக்கம் சூடாக இருக்கும். இன்று காலையும் இருந்தது.